எஃப்.ஐ.ஆர். போட்டாயிற்று... அந்தக் குடும்பம்?

1974 ஆகஸ்ட் 30, பகல் 12.45. டோக்கியோவின் மருனோச்சி பகுதியில் மதியச் சாப்பாட்டு நேரம். மிட்சுபிஷி கனரகத் தொழில் நிறுவனத்தின் தலைமையக வாசலில் தீவிரவாதக் குழு ஒன்று வைத்துவிட்டுப் போன குண்டு வெடித்தது. எட்டுப் பேர் செத்தார்கள். காயம்பட்டவர்கள் 370 பேருக்கு மேல். உடைந்து விழுந்த ஜன்னல் கண்ணாடிகளில் கிழிபட்டவர்களே அதில் அதிகம்.

ஆஸ்பத்திரிச் செலவு யார் தலையில் என்ற பேச்சு வந்தபோதுதான் ஜப்பானியர்களுக்கு ஒரு விஷயம் உறைத்தது. பணியில் இருந்தபோது அடிபட்ட ஊழியருக்குத் தொழிலாளர் காப்பீடு இருந்தது. அதே குண்டில், அதே நடைபாதையில், வேறு ஏதோ வேலையாகப் போய்க்கொண்டிருந்தவருக்கு ஒன்றுமே இல்லை. குண்டு வைத்தவன் மீது வழக்குப் போட்டு நஷ்டஈடு வாங்கிக்கொள்ளலாம் என்பதுதான் சட்டம் சொன்ன வழி.

இதே கேள்வியை அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பிருந்தே ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். யோகோஹாமாவில் சிறு பட்டறை நடத்தி வந்தவர். 1966-ல் முன்பின் தெரியாத ஒருவன் அவருடைய ஒரே மகனைக் குத்திக் கொன்றான். அந்தத் தந்தை, தம்மைப் போல் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களை ஊர் ஊராகத் தேடிப்போய்ச் சந்தித்தார், சங்கம் சேர்த்தார், மனு எழுதினார். சட்டம் வருவதைப் பார்க்காமலே 1977-ல் இறந்துபோனார். அவர் வாழ்க்கையை இயக்குநர் கெய்சுகே கினோஷிடா 1979-ல் படமாக எடுத்தார். அடுத்த ஆண்டு, 1980-ல், ஜப்பான் நாடாளுமன்றம் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசே பணம் கொடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது.

உலகின் பல நாடுகளில் இந்தச் சட்டங்கள் இப்படித்தான் பிறந்திருக்கின்றன. ஆட்சியாளர்களாக யோசித்துக் கொடுத்தது குறைவு. வீட்டில் ஒரு சாவு விழுந்தவர்கள், அழுகையை அடக்கிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி வாங்கியதே அதிகம்.

442 ஆண்டுகள்

ஒருவரை ஒருவர் வெட்டினால், நவீன நீதிமன்றத்தில் அது அரசுக்கும் வெட்டியவருக்குமான வழக்கு. வெட்டுப்பட்டவர் அதில் அரசுத் தரப்புச் சாட்சி. சம்மன் வந்தால் வர வேண்டும், கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும், இறங்கிப் போய்விட வேண்டும்.

இதில் உள்ள அநீதியை ஒரே கணக்கில் காட்டியவர் இங்கிலாந்தின் மார்ஜரி ஃப்ரை. மாஜிஸ்திரேட்டாக இருந்தவர், சிறைச் சீர்திருத்தத்துக்காகப் பாடுபட்டவர். கைதிகளுக்காக வாழ்நாளெல்லாம் பேசிய அந்தப் பெண்மணிதான், கடைசிக் காலத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்காகவும் பேசினார். 1951-ல் தாக்குதலில் பார்வையிழந்த ஒருவருக்கு நீதிமன்றம் 11,500 பவுண்டு இழப்பீடு விதித்தது. தாக்கிய இருவரும் ஆளுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் கட்ட வேண்டும் என்று உத்தரவு. முழுத் தொகையும் கைக்கு வர அந்த மனிதர் இன்னும் 442 ஆண்டுகள் உயிரோடு இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார் ஃப்ரை. குடிமகன் கையில் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, பாதுகாப்பை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்வது அரசு. அந்தப் பாதுகாப்பு தவறினால் பொறுப்பும் அரசுடையது என்பது அவர் வாதம்.

1958-ல் அவர் இறந்தார். 1964 ஜனவரியில் நியூசிலாந்து உலகிலேயே முதல் அரசுத் திட்டத்தைத் தொடங்கியது. அதே ஆண்டில் பிரிட்டன். அடுத்த ஆண்டு கலிஃபோர்னியா. ஐ.நா. பொதுச்சபை இதற்கென ஒரு பிரகடனத்தை 1985 நவம்பரில் நிறைவேற்றியது.

முன்னோடி நாடுகள் என்பதற்காக எல்லாம் சரியாக நடந்தது என்று எண்ணிவிட வேண்டாம். பிரிட்டன் திட்டத்தில் ஒரு விதி இருந்தது. குற்றவாளியும் பாதிக்கப்பட்டவரும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தால் இழப்பீடு கிடையாது. கொடுத்த பணம் குற்றவாளி கைக்கே போய்விடும் என்று பயம். இதில் அடிபட்டது யார்? பெற்ற தகப்பனாலோ வளர்ப்புத் தந்தையாலோ சீரழிக்கப்பட்ட குழந்தைகள். 1979-ல் விதியை மாற்றினார்கள். ஆனால் அந்த ஆண்டு அக்டோபருக்கு முந்தைய குற்றங்களுக்குப் பழைய விதியே நீடித்தது. சின்ன வயதில் வீட்டுக்குள்ளேயே சிதைக்கப்பட்ட பெண்கள் நடுத்தர வயதைக் கடந்த பிறகும் 'உனக்குத் தகுதியில்லை' என்ற கடிதத்தையே வாங்கினார்கள். நீதிமன்றம் தலையிட்டது 2018-ல். விதி ஒழிந்தது 2019-ல்.

நம் ஊரில் நடப்பது

இங்கே ஒரு கொலை நடந்த வீட்டை நினைத்துப் பாருங்கள். அரசு ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் உடலை வாங்கக் கையெழுத்துப் போடுவதில் தொடங்குகிறது அந்த மனைவியின் அலைச்சல். பதினாறாம் நாள் காரியம் வரை உறவும் ஊரும் சுற்றி நிற்கும். அதற்குப் பிறகு அவள் தனி.

யாராவது விவரம் தெரிந்தவர் 'மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் எழுதிக் கொடும்மா, பணம் வரும்' என்று சொல்லியிருப்பார். அங்கே போனால் காகிதம் கேட்பார்கள். எஃப்.ஐ.ஆர். நகல் வேண்டும். பிரேதப் பரிசோதனை அறிக்கை வேண்டும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் வேண்டும். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் பதிய வேண்டும், வி.ஏ.ஓ. விசாரிப்பார், ஆர்.ஐ. பார்ப்பார், தாசில்தார் கையெழுத்துப் போடுவார். மாமனார் வீட்டோடு மனஸ்தாபம் இருந்தால் அங்கேயே ஓர் ஆட்சேபம் கிளம்பும். பிரேதப் பரிசோதனை அறிக்கைக்கு ஸ்டேஷனுக்குப் போனால், 'ஐயா பந்தோபஸ்துக்குப் போயிருக்கார், ரெண்டு நாள் கழிச்சு வாங்க' என்பார் ரைட்டர். ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போகும். பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வர வேண்டும். கொன்றவன் இதற்குள் ஜாமீனில் வந்து அதே தெருவில் நடந்துகொண்டிருப்பதும் உண்டு.

சட்டம் இல்லாததால் வந்த நிலைமை அல்ல இது. பாதிக்கப்பட்டவர்களை மறந்துவிட்டது நம் சட்டத்தின் பெரிய பலவீனம் என்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் 1979-லேயே ஒரு தீர்ப்பில் வருந்தினார். முப்பது ஆண்டுகள் கழித்து, 2009 டிசம்பர் 31-ல், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 357ஏ பிரிவு நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு மாநிலமும் இழப்பீட்டு நிதி வைக்க வேண்டும் என்றது. தமிழ்நாடு 2013-ல் தன் திட்டத்தை அறிவித்தது. இன்றைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 396-வது பிரிவு.

அந்தப் பிரிவு தாராளமானது. குற்றவாளி பிடிபடாவிட்டாலும் மனுச் செய்யலாம். குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானாலும் நீதிமன்றம் இழப்பீட்டுக்குப் பரிந்துரைக்கலாம். மனு வந்த இரண்டு மாதத்துக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். அதற்கு முன்பே இடைக்கால நிவாரணம் தரலாம். அடுத்த பிரிவின்படி, ஆசிட் வீச்சிலோ பாலியல் வன்கொடுமையிலோ பாதிக்கப்பட்டவருக்குத் தனியார் ஆஸ்பத்திரி உட்பட எந்த ஆஸ்பத்திரியும் இலவசமாக முதல் சிகிச்சை தர வேண்டும், மறுத்தால் சிறையோ அபராதமோ உண்டு. 2018-ல் தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழு பெண்களுக்கென வகுத்து, உச்ச நீதிமன்றம் ஏற்ற திட்டத்தில், பாலியல் வன்கொடுமைக்கு 4 முதல் 7 லட்சம் ரூபாய், ஆசிட் வீச்சில் முகம் சிதைந்தால் 7 முதல் 8 லட்சம் ரூபாய் என்று தொகையும் எழுதியிருக்கிறது.

இவ்வளவும் இருந்தும், கேட்டு வாங்கத் தெரிந்தவருக்குத்தான் கிடைக்கிறது. கோளாறு இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். குற்றம் நடந்த அன்றே பாதிக்கப்பட்டவர் யார், எந்தத் தெரு, என்ன காயம் என்பதெல்லாம் அரசின் கையில் எஃப்.ஐ.ஆராக இருக்கிறது. அப்படியிருந்தும் அவரே வந்து, தாம் பாதிக்கப்பட்டதை இன்னொரு முறை நிரூபிக்கட்டும் என்று அரசு காத்திருக்கிறது.

தேடி வரும் அரசு

ஃபிரான்ஸில் பிரான்சுவாஸ் ருடெட்ஸ்கி என்ற பெண் இருந்தார். 1983 டிசம்பரில் பாரிஸின் புகழ்பெற்ற உணவகம் ஒன்றில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது குண்டு வெடித்துக் கால்கள் சிதைந்தன. எத்தனையோ அறுவை சிகிச்சைகளுக்கு நடுவே அவர் நடத்திய போராட்டத்தின் பலனாக 1986-ல் பயங்கரவாதத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான நிதி உருவானது. 1990-ல் மற்ற கடுங்குற்றங்களுக்கும் அது விரிந்தது.

பணம் வரும் வழி எளியது. வீட்டுக்கோ வாகனத்துக்கோ எடுக்கும் சொத்துக் காப்பீடு ஒவ்வொன்றிலும் ஆண்டுக்குச் சில யூரோ இந்த நிதிக்குப் போகிறது. குடிமக்கள் கோடிக்கணக்கில் சேர்ந்து சிறு துளியாகக் கட்டுவதால், பட்ஜெட்டில் நிதியமைச்சர் மனசு வைத்தால்தான் உண்டு என்ற நிலை இல்லை. அமெரிக்காவில் 1984 முதல் வேறு வழி: மத்திய நீதிமன்றங்களில் குற்றவாளிகள் கட்டும் அபராதமே நிதி. வரிப்பணம் தொடப்படுவதில்லை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பெரிய நிறுவனங்களின் அபராதம் குறைந்த ஆண்டுகளில் நிதியும் வற்றியது, உதவி மையங்கள் தவித்தன. 2021-ல் சட்டத்தைத் திருத்தி, வழக்குக்கு வெளியே பேசி முடிக்கும் தொகைகளையும் நிதியில் சேர்க்க வேண்டியிருந்தது. இரண்டில் எனக்கு ஃபிரான்ஸ் வழிதான் நம்பகமாகப் படுகிறது.

அதைவிட முக்கியம், பயங்கரவாதத் தாக்குதல் நடந்ததும் அங்கே என்ன நடக்கிறது என்பது. பாதிக்கப்பட்டவர்களின் பட்டியலை அரசு வழக்கறிஞரே நிதி அமைப்புக்கு அனுப்புகிறார். நிதி அமைப்பு அந்தக் குடும்பங்களைத் தொடர்புகொள்கிறது. கேட்ட ஒரு மாதத்துக்குள் முதல் தொகை. ஃபிரான்ஸ் மண்ணில் நடந்தது என்றால் வெளிநாட்டவருக்கும் உண்டு. 130 பேர் இறந்த 2015 நவம்பர் பாரிஸ் தாக்குதலின் விசாரணை 2021 செப்டம்பரிலிருந்து பத்து மாதம் நடந்தது. அதில் பாதிக்கப்பட்டவர்களும் குடும்பத்தாரும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வழக்கில் ஒரு தரப்பாகவே சேர்ந்திருந்தார்கள், தங்கள் வழக்கறிஞர்களோடு.

நார்வேயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2011 ஜூலை 22-ல் ஒரே ஆள் ஓஸ்லோவில் குண்டு வைத்து, பிறகு உடோயா தீவில் முகாமிட்டிருந்த இளைஞர்களைச் சுட்டு, 77 பேரைக் கொன்றான். தப்பிய பிள்ளைகள் நாடெங்கும் பல ஊர்களைச் சேர்ந்தவர்கள். அரசு ஒவ்வொரு உள்ளாட்சிக்கும் சொன்னது: அவர்கள் உதவி கேட்டு வரும்வரை காத்திருக்காதீர்கள், நீங்களே போங்கள். தப்பியவர்களுக்கும் இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் தொடர்பாளராக ஒருவர். குறைந்தது ஓராண்டு விடாமல் விசாரிப்பது. அதிர்ச்சியில் உறைந்த பதினாறு வயசுப் பிள்ளை தானாக ஆஸ்பத்திரிக்கு வந்து 'எனக்குத் தூக்கம் வரவில்லை' என்று சொல்லாது என்பதைப் புரிந்துகொண்ட அரசு அது.

2012-ல் நடந்த விசாரணையிலும் அதே கவனம். பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அரசுச் செலவிலேயே வழக்கறிஞர்கள். இறந்த ஒவ்வொருவரின் பிரேதப் பரிசோதனை விவரமும் நீதிமன்றத்தில் வாசிக்கப்பட்டது. ஒவ்வொன்று முடிந்ததும் அந்தப் பிள்ளையின் புகைப்படத்தைத் திரையில் காட்டி, அது யார், எதற்கு ஆசைப்பட்டது என்று குடும்பத்தின் வழக்கறிஞர் சில வரிகள் சொன்னார். 77 பேருக்கும் அப்படி. வெளியூர்க் குடும்பங்கள் தங்கள் ஊர் நீதிமன்றத்திலேயே உட்கார்ந்து பார்க்க நேரடி ஒளிபரப்பு. நம் செஷன்ஸ் கோர்ட் வராந்தாவில், செத்தவனின் தாயும் கொன்றவனின் ஆட்களும் ஒரே பெஞ்சுக்கு அருகே வாய்தாவுக்குக் காத்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

ஜப்பானும் 1980-ன் சட்டத்தோடு நிற்கவில்லை. இசாவோ ஒகமுரா என்ற மூத்த வழக்கறிஞரின் மனைவியை 1997-ல் அவர் மீது பகைகொண்ட ஒருவன் கொன்றான். வாழ்நாள் முழுக்க நீதிமன்றத்தில் இருந்தவர், அங்கே தமக்கு இடமே இல்லை என்பதை அன்றுதான் உணர்ந்தார். 2000-ல் சங்கம் தொடங்கினார். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டினார்கள். 2004-ல் அடிப்படைச் சட்டம் வந்தது. 2008 டிசம்பர் முதல் கடுங்குற்ற வழக்குகளில் பாதிக்கப்பட்டவர் அரசு வழக்கறிஞர் பக்கத்திலேயே அமர்ந்து, குற்றம் சாட்டப்பட்டவரைக் கேள்வி கேட்கலாம். பணம்தான் நெடுநாள் சொற்பமாக இருந்தது. இறந்தவரின் குடும்பத்துக்கான குறைந்தபட்சத் தொகை 32 லட்சம் யென்னிலிருந்து 1 கோடியே 6 லட்சம் யென்னாக உயர்ந்தது 2024 ஜூனில்.

அரசே குற்றவாளியானால்

ஐ.நா. பிரகடனத்தின் தலைப்பிலேயே அதிகாரத் துஷ்பிரயோகத்தால் பாதிக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள். நமக்கு அது நெருக்கமான விஷயம். லாக்கப்பில் செத்தவரின் தாய்க்கு ஒன்றரை லட்சம் ரூபாய் தர ஒடிசா அரசுக்கு 1993-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பு வந்து 27 ஆண்டுகள் கழித்துத்தான் சாத்தான்குளம் லாக்கப் மரணங்கள்.

இலங்கையில் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்புத் தரும் சட்டம் 2015-ல் வந்தது, 2023-ல் புதிதாக எழுதப்பட்டது. காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்கு ஓர் அலுவலகம், இழப்பீட்டுக்கு ஓர் அலுவலகம் என்றெல்லாம் அமைத்தார்கள். ஆனால் 2017 பிப்ரவரி 20-ல் கிளிநொச்சியில் தெருவோரம் உட்கார்ந்த தாய்மார்கள் கேட்டது பணத்தை அல்ல. தருவதாகச் சொன்ன தொகையைப் பலர் வேண்டாம் என்றார்கள். ராணுவத்திடம் கையோடு ஒப்படைத்த பிள்ளை எங்கே என்ற கேள்விக்குப் பதில் வராமல், எந்தத் தொகையும் அவர்களுக்கு இழப்பீடு ஆகாது. பதில் கிடைக்காமலே அந்தத் தாய்மார்களில் பலர் இறந்தும்விட்டார்கள்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2019 டிசம்பரில் ஹைதராபாத் அருகே பாலியல் கொலை வழக்கில் பிடிபட்ட நால்வரைப் போலீஸ் சுட்டுக் கொன்றபோது, மக்கள் பூ தூவினார்கள். நீதி கிடைத்துவிட்டது என்றார்கள். அது திட்டமிட்டுச் சுட்டது என்று உச்ச நீதிமன்றம் அமைத்த விசாரணை ஆணையம் 2022-ல் அறிக்கை கொடுத்தது. என்கவுன்ட்டர் செய்துவிட்டால் அரசின் வேலை முடிந்துவிடுகிறது. புகாரை வாங்காமல் அலைக்கழித்த ஸ்டேஷனை யாரும் கேட்பதில்லை, குடும்பத்தின் எதிர்காலத்தை யாரும் கேட்பதில்லை. பழி தீர்த்துக் கொடுப்பதைப் பாதிக்கப்பட்டவருக்கான கொள்கை என்று ஒருபோதும் ஏற்க முடியாது.

விபத்துக்கு முடிகிறது, கொலைக்கு முடியாதா?

தேடிப்போய்க் கொடுப்பது பணக்கார நாடுகளுக்குத்தான் கட்டுப்படியாகும் என்று சொல்பவர்கள் நம் சட்டத்தையே பார்க்கட்டும். சாலை விபத்து நடந்தால் போலீஸ் 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையை விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். 90 நாளுக்குள் விரிவான அறிக்கை. அந்த அறிக்கையையே இழப்பீட்டு மனுவாகத் தீர்ப்பாயம் எடுத்துக்கொள்ளலாம். 2022 ஏப்ரல் முதல் இது விதி. எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் இன்னும் தெளிவு: கொலை என்றால் 8 லட்சத்து 25 ஆயிரம் ரூபாய், பாதி பிரேதப் பரிசோதனை முடிந்ததும், மீதி குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போனதும். கொடுக்க வேண்டிய பொறுப்பு மாவட்ட நிர்வாகத்தின் மீது.

லாரி மோதிச் செத்தவருக்கு இந்த வழி இருக்கிறது. அரிவாளால் வெட்டுப்பட்டுச் செத்தவரின் மனைவி ஏன் மனுவோடு அலைய வேண்டும்?

பெண்களுக்கான 2018 திட்டத்தில், எஃப்.ஐ.ஆர். பதிவானதும் நகலை ஸ்டேஷன் அதிகாரி சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்பியாக வேண்டும், ஆணைக்குழு தானாகவே இடைக்கால நிவாரணத்துக்கான வேலையைத் தொடங்கலாம் என்று எழுதியே இருக்கிறது. தமிழ்நாடு அரசு இதைக் கொலை, கொடுங்காயம், குழந்தைகள் மீதான குற்றம் அனைத்துக்கும் விரிக்க வேண்டும். எத்தனை எஃப்.ஐ.ஆர். ஆணைக்குழுவுக்குப் போனது, எத்தனை குடும்பத்துக்கு எத்தனை நாளில் பணம் சேர்ந்தது என்பதை மாதாமாதம் மாவட்ட வாரியாக வெளியிட வேண்டும். செய்தியில் அடிபட்ட கொலைக்கு மட்டும் முதல்வர் நிவாரண நிதியிலிருந்து லட்சங்கள் அறிவிப்பதும், பேப்பரில் வராத கொலைக்கு ஒன்றுமில்லாமல் போவதும் அப்போதுதான் நிற்கும்.

அதுவரை வாசகர்கள் சிலவற்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், தெரியாதவர்களுக்குச் சொல்லுங்கள். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். புலன்விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் போலீஸ் உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஜாமீன் விசாரணையில் பாதிக்கப்பட்டவரையும் கேட்க வேண்டும் என்று 2022-ல் லக்கிம்பூர் கேரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானால் நீங்களே மேல்முறையீடு செய்யலாம். இழப்பீட்டுக்குத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் இருக்கிறது. இலவசத் தொலைபேசி எண் 15100.